எதிர்வாசலில் நின்ற காலை

ஒருவர் தன்னை மறந்து உட்கார்ந்திருக்கும்போது அவரைக் கூப்பிடலாமா, கூடாதா? இந்தக் கேள்வியை, கல்யாணமாகி வந்த புதிதில், என் மாமனார் என்னிடம் கேட்டார். கல்லூரியில் தத்துவம் படித்த மருமகள் என்பதால் என்னிடம் கேட்டார். நான் ஒரு பதில் சொன்னேன். அந்தப் பதிலால் ஒரு மனிதரின் வேலை மாறியது. இப்போது அதே கேள்வியை என் மகள் எனக்கு முன்னால் கொண்டுவந்து வைத்திருக்கிறாள். அன்றைக்குத் தயங்காமல் பேசிய வாய் இன்றைக்குத் தயங்குகிறது.

எங்கள் வீட்டின் பின்புறத்தில், வேப்பமரத்தடியில், ஒரு கல்தொட்டி கிடக்கிறது. மாடு தண்ணீர் குடிக்கிற தொட்டி மாதிரி இருக்கும். ஆனால் அதில் எந்த மாடும் தண்ணீர் குடித்ததில்லை. வெம்பக்கோட்டைப் பக்கம், வைப்பாற்றுக்குத் தெற்கே, என் மாமனார் நடத்திய வெடிக் கம்பெனியில் மருந்து கலக்குகிற அறைக்கு முன்னால் கிடந்த தொட்டி அது. உள்ளே போகிறவர்கள் அதில் தண்ணீர் எடுத்துக் கால் கழுவிக்கொண்டுதான் போக வேண்டும். குதிகாலில் ஒட்டிய ஒரு மணல் போதும். மருந்து சிந்திய தரையில் அது உரசினால் அறையே இருக்காது. தண்ணீர் எடுக்கச் செம்பு, குவளை எதுவும் கிடையாது. மூங்கில் காம்பு செருகிய ஒரு சிரட்டைதான். பிறகு ஆய்வுக்கு வந்த அதிகாரி சிமெண்டில் தொட்டி கட்டச் சொன்னதால் இது வீட்டுக்கு வந்து சேர்ந்தது. இந்தத் தொட்டியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ராவுத்தர் ஞாபகம் வருவார். மற்றவர்கள் காலைக் கழுவிவிட்டுப் போவார்கள். அவர் மட்டும் கை, வாய், முகம், முழங்கை, கால் என்று தொழுகைக்குச் செய்வது போலவே முறையாக ஒளுச் செய்துவிட்டு உள்ளே போவார்.

ராவுத்தர்தான் கம்பெனியின் போர்மேன். மருந்து கலக்குகிற வேலையும் அவருடையதே. நாற்பது வயதுக்குள் இருக்கும். ஒல்லியான உடம்பு, மீசையில்லாத தாடி, நன்றாகச் சிரிக்கிற கண். அவருடைய முன்னோர்கள் தர்காக்களில் சந்தனக்கூட்டுக்கும் கோயில்களில் தேருக்கும் வாணம் செய்து கொடுத்தவர்கள். என் மாமனாரோ கரிசல் காட்டில் பருத்தியும் கம்பும் விதைத்துக்கொண்டிருந்தவர். மழை தொடர்ந்து ஏமாற்றிய பிறகு, லைசென்ஸ் வாங்கி, விதைத்த நிலத்திலேயே கொட்டகைகளைப் போட்டார். அதே நிலத்தில் பருத்தி எடுத்தவர்கள்தான் அங்கே வெடி சுற்ற வந்தார்கள். மாமனாருக்கும் ராவுத்தருக்கும் மாமா, மாப்பிள்ளை முறை. எந்த ரத்த உறவும் கிடையாது. எங்கள் பக்கத்தில் அப்படி அழைத்துக்கொள்வது வழக்கம். அந்த முறைக்குரிய கேலியும் உண்டு.

"என்ன மாப்ளே, இன்னைக்கும் விடியமுன்ன எந்திரிச்சு அல்லாவ எழுப்பிட்டீரா?" என்பார் மாமனார்.

"அவன் தூங்குனாத்தான மாமா எழுப்புறதுக்கு. ஒம்ம கம்பெனிக்குத்தான் ஞாயித்துக்கெழம லீவு."

மருந்து அறைக்கென்று சில சட்டங்கள் இருந்தன. வெயில் ஏறுவதற்கு முன்னால் கலந்து முடித்துவிட வேண்டும். கலக்குகிறவர் தனியாகத்தான் இருக்க வேண்டும். அறைக்கு எதிரும் புதிருமாக இரண்டு வாசல். கதவைத் தாழிடக் கூடாது. உரசினால் பொறி பறக்கும் என்பதால் உலோகம் எதுவும் உள்ளே வரக் கூடாது. இவையெல்லாம் எல்லாக் கம்பெனியிலும் உள்ளவை. இன்னொன்று, எங்கள் கம்பெனியில் எல்லோரும் தெய்வவாக்குப் போலப் பிடித்துக்கொண்டது: உள்ளே இருப்பவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. திடீரென்று சத்தம் கேட்டால் கை துள்ளும், சல்லடை தட்டும், அவ்வளவுதான். அவரிடம் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் எதிர்வாசலுக்குப் போய், அவர் பார்வை விழுகிற இடத்தில் நின்று, அவராக நிமிர்ந்து பார்க்கும்வரை காத்திருக்க வேண்டும். மாமனாரே ஒரு தடவை வெளியூர் ஏஜெண்டைத் திண்ணையில் உட்காரவைத்துவிட்டு அப்படிக் காத்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன். இதோடு இன்னொரு சட்டமும் உண்டு. கலந்த மருந்து காத்திருக்கக் கூடாது. கலந்த உடனே மரத்தட்டில் எடுத்து, அடைக்கிற அறைகளுக்குப் பிரித்து அனுப்பிவிட வேண்டும். மொத்தமாகக் கிடந்து வெயில் பட்டால் அது தானாகவே சூடேறும். இந்த இரண்டு சட்டமும் ஒரு நாள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும் என்று யாரும் நினைக்கவில்லை.

என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். விருதுநகரில் வத்தல் மண்டி வைத்திருந்தவரின் மகள் நான். அப்பா பிடிவாதமாக என்னை மதுரையில் கல்லூரிக்கு அனுப்பினார். சமயங்களை ஒப்பிட்டுப் பார்க்கிற பாடம் ஒன்று எங்களுக்கு இருந்தது. இஸ்லாமிய ஞானிகள் 'ஹால்' என்று சொல்வதை அங்கேதான் முதலில் படித்தேன். ஹால் என்பது தானாக வந்து தானாகப் போகிற நிலை. முயற்சி செய்து ஏறி நிற்கிற படிக்கு 'மகாம்' என்று பெயர். ஹால் அப்படியில்லை, கொடுக்கப்படுவது. அதன் உச்சத்தில் 'நான்' என்பது கரைந்துபோவதை 'ஃபனா' என்கிறார்கள். அத்வைதி சொல்கிற ஒருமையும், சைவர்கள் சொல்கிற இரண்டறக் கலத்தலும், இந்த ஃபனாவும் ஒரே அனுபவத்துக்கு மூன்று பெயர்களா, அல்லது மூன்றும் வேறு வேறு அனுபவங்களா என்று தேர்வில் கேட்டிருந்தார்கள். ஒன்றுதான் என்று எழுதினேன். நல்ல மதிப்பெண் கிடைத்தது. அந்த ஞானிகளுக்குள்ளேயே ஒரு வழக்கு உண்டு என்பதையும் எழுதியிருந்தேன். மயங்கிக் கரைந்துபோவதே பெரிது என்றார்கள் சிலர். கரைந்த பிறகு தெளிந்து திரும்பி வந்து, விட்ட வேலையைத் தொடுவதே பெரிது என்றார்கள் மற்றவர்கள். நபியும் விண்ணேற்றத்தின் உச்சிவரை போய்விட்டு மக்களிடம் திரும்பி வந்தாரே என்பது அவர்கள் வாதம். இதையெல்லாம் எழுதிய எனக்கு அப்போது அப்படி ஒரு மனிதரையும் தெரியாது.

அன்று தீபாவளி சீசன். என் கணவர் ஆர்டர் எடுக்க வடக்கே போயிருந்தார். அதிகாரிகளுக்கு இங்கிலீஷில் கடிதம் எழுத ஆள் இல்லையென்று, காலையிலேயே மாமனார் என்னைக் கம்பெனி ஆபீஸ் கொட்டகைக்கு அழைத்து வந்திருந்தார். என் வயிற்றில் மகள் இருந்தாள். அசைவு தெரியத் தொடங்கியிருந்த சமயம். மருந்து அடைக்கிற பெண்கள் தட்டு வருமென்று காத்திருந்தார்கள். வரவில்லை. ஆபீஸ் கொட்டகையிலிருந்து பார்த்தால் மருந்து அறையின் மேற்கு வாசல் தெரியும். எட்டிப் பார்த்தேன்.

ராவுத்தர் எப்போதும் போல மேற்குப் பார்த்து உட்கார்ந்திருந்தார். அவருக்கு முன்னால் விரிப்பில் கலந்து முடித்த மருந்து, சாம்பல் நிறத்தில், ஒரு குவியலாக இருந்தது. சல்லடை ஓரமாகக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. இரண்டு கையும் தொடை மேல். கண் பாதி திறந்திருந்தது. முதுகு நேராக இருந்ததால் தூக்கமில்லை என்று தெரிந்தது. கிழக்கு வாசல் வழியாக வெயில் அவர் முதுகில் விழுந்துகொண்டிருந்தது; அவருடைய நிழல்தான் மருந்துக்குக் குடையாக இருந்தது. சூரியன் ஏற ஏற நிழல் குறுகிக்கொண்டே வந்தது. குவியலின் வெளி ஓரத்தை வெயில் தொட்டுவிட்டதைப் பார்த்தேன்.

அதற்குள் பெண்களிடம் சலசலப்பு. மாமனார் ஓடி வந்தார். பார்த்தார். "ராவு..." என்று வாய் திறந்தார். நான் என் மாமனாரைப் பார்த்து, வாய் மேல் விரல் வைத்தேன். அந்த வீட்டுக்கு வந்து அதுவரை அவர் முன்னால் நிமிர்ந்துகூடப் பேசாதவள். அவர் அப்படியே நின்றார்.

மெட்டியைக் கழற்றினேன், வளையலைக் கழற்றினேன், சங்கிலியை அவிழ்த்து எல்லாவற்றையும் மேஜை மேல் வைத்தேன். தாலிச் சங்கிலியைக் கழற்றியதற்காக என் மாமியார் என்னை இன்றுவரை மன்னிக்கவில்லை. தொட்டியில் கால் கழுவினேன். மேற்கு வாசலுக்கு எதிரே, அவர் கண் நிமிர்ந்தால் நான் படுகிற இடத்தில் போய் நின்றேன்.

என்ன துணிச்சலில் போனேன் என்று பலர் கேட்டிருக்கிறார்கள். துணிச்சல் ஒன்றுமில்லை, சட்டம் அதுதான், நான்தான் அந்த வாசலுக்குப் பக்கத்தில் இருந்தேன். நின்ற பிறகுதான் பயம் வந்தது. கூப்பிட்டுவிடு என்று நாக்கு துடித்தது. வயிற்றுக்குள் குழந்தை புரண்டது. ஒரு எறும்பு அவர் மணிக்கட்டில் ஏறி, முழங்கைவரை போய், திரும்பி இறங்கியது; அவருக்குத் தெரியவில்லை. நிழலின் விளிம்பைப் பார்க்காமல் இருக்க வேண்டுமென்று அவர் முகத்தைப் பார்த்தேன். ரொம்பத் தூரத்தில் யாரோ மெதுவாகப் பேசுவதைக் கேட்கிறவர் முகம் போல இருந்தது. சந்தோஷம் என்று அதைச் சொல்ல முடியாது. எதுவும் குறையாத முகம் என்று சொல்லலாம். கொஞ்ச நேரத்துக்கு, நான் எதற்காக அங்கே நிற்கிறேன் என்பது எனக்கே மறந்துபோயிற்று. அது எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. மாமனாரைக் கேட்டால், "ஒரு ஆயுசு" என்பார்.

ராவுத்தரின் கண் அசைந்தது. முதலில் மருந்தைப் பார்த்தது. பிறகு என் பாதத்தைப் பார்த்தது.

"கால் கழுவுனீகளா?" என்றார்.

தலையாட்டினேன். அவர் உடனே முட்டி போட்டு நகர்ந்து, வெயில் பட்ட ஓரத்தைத் தன் உடம்பால் மறைத்துக்கொண்டு, ஒரு பொடியும் சிந்தாமல் மருந்தைத் தட்டுகளில் பிரித்தார். கடைசித் தட்டையும் வெளியே அனுப்பிய பிறகுதான், "ரொம்ப நேரமா நிக்கிறீகளா தாயி?" என்று கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அதற்குப் பிறகு கம்பெனியில் ஒரே கூத்து. வெடி சுற்றுகிற ஒரு பாட்டி ராவுத்தர் காலடியில் தொப்பென்று விழுந்துவிட்டாள். "சாமி வந்துருக்கு. எய்யா, எம் மகனுக்கு எப்பக் கலியாணம் ஆகும்னு ஒரு வாக்குச் சொல்லிரு."

"ஏ ஆத்தா, நான் என்ன கோடாங்கியா? ஒம் மகன மொதல்ல திங்கக்கெழம வேலைக்கு வரச் சொல்லு. பெறகு பொண்ணு பாப்போம்" என்றார் அவர்.

பெட்டி கட்டுகிற ஒருவன், "இது காக்கா வலிப்பு மொதலாளி. இரும்புச் சாவி ஒண்ணக் கையில குடுத்தா நின்னுரும்" என்று சொல்லிக்கொண்டே சாவியோடு ஓடி வந்தான். மாமனார் பாய்ந்து அவன் கையைப் பிடித்தார். "ஏலே, மருந்து ரூம்ல இரும்பா? அவருக்கு வலிப்பு நிக்கும்லே, நமக்கு மூச்சே நின்னுரும்." பயந்து போயிருந்த எல்லோரும் அதற்குச் சிரித்தார்கள்.

மறுநாள் ராவுத்தரின் மனைவி என்னைத் தேடி வீட்டுக்கு வந்தார். அவரை நான் அக்கா என்பேன். முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு அடுப்படியில் என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"தங்கச்சி, அவுகளுக்கு இது புதுசில்ல. விடியமுன்ன சுபுஹு தொழுதுட்டு, அல்லா பேரச் சொல்லிக்கிட்டே திக்ருல உக்காந்தாகன்னா, சில நாளு இப்பிடித்தான். நான் கூப்பிட மாட்டேன். வீட்டுல வந்தாச் சோறு ஆறும், அம்புட்டுத்தான். அங்கன வந்தா? எம் புள்ளைகளுக்கு யாரு இருக்கா? நீ படிச்சவ. இது நோயின்னு மொதலாளிகிட்ட ஒரு வார்த்த சொல்லிரு. ரூம விட்டு வெளிய எடுத்துருவாரு."

அன்று சாயங்காலமே ராவுத்தரும் மாமனாரோடு வந்தார். வாசலில் நின்றபடி, "தாயி, மாமா உங்ககிட்டத்தான் கேக்கணும்னு பிடிவாதமா நிக்காரு. என்ன வேணாலும் சொல்லுங்க. நோயின்னு மட்டும் சொல்லிராதீக" என்றார். அவர் குரலில் அதுவரை கேட்காத ஒரு கெஞ்சல் இருந்தது. மாமனார் நாற்காலியில் உட்கார்ந்து, "சொல்லுத்தா. அதுக்குத்தான ஒங்கப்பன் ஒன்னியப் படிக்க வச்சான். இது வியாதியா, பக்தியா? இவர உள்ள விடவா, வேண்டாமா? இனிமே இப்பிடி இருந்தா யாரும் கூப்பிடலாமா, கூடாதா?" என்றார்.

தேர்வுத் தாளில் எழுதுவது வேறு, எதிரே நிற்கிற மனிதரைப் பற்றிச் சொல்வது வேறு. ராத்திரி முழுக்க யோசித்துவிட்டுக் காலையில் சொல்கிறேன் என்றேன். காலையில் சொன்னேன். அன்று சொன்னதை ஏறக்குறைய அப்படியே எழுதுகிறேன், ஏனென்றால் அதில் ஒரு வார்த்தையையும் மாற்ற எனக்கு இன்றும் காரணம் கிடைக்கவில்லை.

இது வலிப்பு இல்லை. வலிப்பு வந்தவர்கள் களைத்து, குழம்பி எழுந்திருப்பார்கள்; இவர் போனதைவிடத் தெளிவாகத் திரும்பி வந்தார். வந்ததும் என் காலில் மணல் இருக்கிறதா என்று பார்த்தார். இது சாமியாட்டமும் இல்லை. சாமியாடுகிறவரிடம் வெளியிலிருந்து ஒருவர் உள்ளே வருகிறார், வந்து பேசுகிறார். இங்கே யாரும் உள்ளே வரவில்லை. இருந்தவர் வெளியே போயிருந்தார். எல்லாம் ஒரே அனுபவம் என்று கல்லூரியில் எழுதிய நான், அந்த வாசலில் நின்ற பிறகு அப்படிச் சொல்ல மாட்டேன். அனுபவத்தை அதன் நடுவில் வைத்து யாரும் எடைபோட முடியாது. திரும்பி வந்த ஆளை வைத்துத்தான் எடைபோட முடியும். அப்படிப் பார்த்தால் ராவுத்தருக்கு வந்தது உண்மை என்று நினைக்கிறேன். உண்மை என்பதால்தான் அவர் அந்த அறைக்குள் போகக் கூடாது. அந்த நேரத்தில் 'நான்' இல்லை என்பது மெய்யானால், அந்த நேரத்தில் மருந்து அறையில் கலக்குகிறவர் இல்லை. கலக்குகிறவர் இல்லாத அறையில் மருந்து இருக்கக் கூடாது.

கூப்பிடலாமா கூடாதா என்பதற்கு மட்டும் நான் பதில் சொல்லவில்லை. அவர் வெளியே வந்துவிட்டால் அந்தக் கேள்வியே எழாது என்று விட்டுவிட்டேன்.

மாமனார் ராவுத்தரைப் பார்த்தார். ராவுத்தர் சிரித்தார். "வக்கீலுக்குப் படிச்சிருக்கலாம் மாமா ஒம்ம மருமக. நோயில்லைன்னும் சொல்லிட்டாக, வேலை இல்லைன்னும் சொல்லிட்டாக." அன்றிலிருந்து அவர் பெட்டி கட்டுகிற பக்கத்தைப் பார்த்துக்கொண்டார். போர்மேன் என்ற பெயர் போகவில்லை. கலக்க வேறொருவர் வந்தார். ஒரு விபத்தும் நடக்கவில்லை.

ஆனால் ராவுத்தருக்கு அது மறுபடி வரவே இல்லை.

இதை நான் வெகுநாள் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன். என் மகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த வருஷம், அவளுக்கு லேபிள் ஒட்டாத காலி வெடிப்பெட்டிகள் கொண்டுவந்து கொடுத்தார் ராவுத்தர். விளையாடுவதற்கு. பேச்சோடு பேச்சாக, "இப்பவும் அது வருமா அண்ணே?" என்று கேட்டேன். அவர் பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டே சொன்னார்: "வரல தாயி. தொழுகுறேன், திக்ரு செய்றேன், நோன்பு பிடிக்கிறேன். எல்லாம் ஒழுங்கா நடக்குது. அது மட்டும் வரல. ரூம விட்டு வந்தபெறகு வீட்டுலயும் வரல." என் முகம் மாறியதைப் பார்த்திருப்பார். "நீங்க கதவச் சாத்திட்டதா நெனைக்காதீக. அவன் கதவச் சாத்துற அதிகாரத்த ஒங்களுக்கு யாரு குடுத்தா?" என்று கேட்டுச் சிரித்தார். அக்காவிடம் கேட்டால், "இப்பத்தான் சோத்தச் சூடாச் சாப்பிடுறாக" என்றார். அவர் அதைச் சந்தோஷமாகத்தான் சொன்னார். அந்தச் சந்தோஷத்தையும் நான் குறைத்து மதிக்கவில்லை. அவர் பிள்ளைகள் தகப்பனோடு வளர்ந்தார்கள்.

ஹால் வருவதும் போவதும் யார் கையிலும் இல்லை என்றுதான் படித்திருக்கிறேன். நான் எதுவும் சொல்லாமல் இருந்திருந்தாலும் அது நின்றிருக்கலாம். அல்லது, ஒரு மணலுக்கும் இடம் கொடுக்காமல் மனசு முழுவதையும் குவித்து வைத்திருக்கிற அந்த அறைதான் அவருக்குப் பள்ளிவாசலாக இருந்திருக்கலாம். வேலையைச் சரியாகச் செய்ததே அவரை வேலைக்கு அப்பால் கொண்டுபோயிருக்கலாம். எனக்குத் தெரியாது. அவரை வெளியே எடுத்தது சரி என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அந்த அறையோடு சேர்ந்து என்ன போயிற்று என்பதுதான் தெரியவில்லை. ஒரு காய்ச்சலில் அவர் போய்ச் சேர்ந்துவிட்டதால் இனிக் கேட்கவும் முடியாது.

இப்போது என் மகளுக்கு வருகிறேன். அவளுக்காகத்தான் இவ்வளவும் எழுதினேன்.

பின்புறத் தொட்டியில் தண்ணீர் நிரப்பி வைத்தால் அவள் அதன் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்வாள். வேப்பம்பூ மிதப்பதைப் பார்ப்பாள். பார்த்துக்கொண்டே இருப்பவள், சில நாள், போய்விடுவாள். முதுகு நேராக இருக்கும். கண் பாதி திறந்திருக்கும். முதல் தடவை பார்த்தபோது என் கையிலிருந்த சுளகு கீழே விழுந்துவிட்டது. மதுரையில் பெரிய டாக்டரிடம் காட்டினோம். வலிப்பு இல்லை, உடம்பில் ஒரு குறையும் இல்லை, சில குழந்தைகள் இப்படிக் கனவு காணும் என்று சொல்லிவிட்டார். வீட்டுக்கு வரும் வழியில் பஸ்ஸில் அவளிடம் மெதுவாகக் கேட்டேன், அப்போது என்னதான் இருக்கிறது என்று. "அங்கன நான் இல்லம்மா" என்றாள். கொஞ்சம் யோசித்து, "ஆனா நல்லாருக்கும்" என்றாள். அவளுக்கு ஹால் என்றும் ஃபனா என்றும் யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. ஒரு எட்டு வயதுக் குழந்தையின் கனவுக்கு அவ்வளவு பெரிய பெயரை வைப்பது தாயின் பேராசை என்றும் எனக்குத் தோன்றுகிறது. அப்படியில்லாவிட்டால் என்ன செய்வது என்றும் தோன்றுகிறது.

என் மாமியாருக்குச் சந்தேகமே இல்லை. "வயித்துப் புள்ளையோட அங்கன போயி நின்னயில்ல? தாலியையும் கழத்தி வச்சிட்டு! அதான் ஒட்டிக்கிருச்சு" என்கிறார். கோடாங்கியிடம் கூட்டிப் போகச் சொல்கிறார். நான் மறுத்துவிட்டேன். என் கணவர், கூப்பிட்டு எழுப்பினால் வழக்கம் போய்விடும் என்கிறார். ஒரு தடவை கூப்பிட்டும் விட்டார். நல்ல உரத்த குரல் அவருக்கு. குழந்தை தூக்கி எறியப்பட்டவள் போலத் துள்ளி விழுந்தாள். அன்று முழுவதும் அழுதாள். "ஏன்ப்பா கூப்பிட்டீக?" என்ற ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டாள். அவர் முகத்தைப் பார்க்கவே பாவமாக இருந்தது. அதன் பிறகு அவர் கூப்பிடவில்லை.

அவர் பயமும் பொய்யில்லை. போன மாதம் பள்ளிக்கூடத்திலிருந்து வருகிற வழியில், நடுத்தெருவில், பெய்து நின்ற மழைத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு அவள் அப்படியே நின்றுவிட்டாள். வெடி லோடு ஏற்றிய லாரி வந்துகொண்டிருந்தது. டிரைவர் தூரத்திலேயே பார்த்து நிறுத்திவிட்டார். இறங்கி வந்து அவளைத் தூக்கி வீட்டுவாசலில் இறக்கிவிட்டு, "புள்ளைய நல்லா பாத்துக்கோங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். ராவுத்தரின் மனைவி அன்று அடுப்படியில் உட்கார்ந்து சொன்னது எனக்கு அப்போதுதான் முழுதாகப் புரிந்தது. வீட்டில் வந்தால் சோறு ஆறும். அங்கன வந்தா?

ராவுத்தரை ஒரு அறையிலிருந்து வெளியே எடுக்க முடிந்தது. என் மகளை எந்த அறையிலிருந்து எடுப்பேன்? தொட்டியை உடைத்துவிடலாம். மழைத் தண்ணீரை என்ன செய்வது? கூப்பிட்டுக் கூப்பிட்டு வழக்கத்தை ஒழித்துவிட்டால், அவள் பத்திரமாக இருப்பாள், சோற்றையும் சூடாகச் சாப்பிடுவாள். பிறகு ஒரு நாள் அவள் பெரியவளாகி, வெறும் பெட்டிகளை அடுக்கிக்கொண்டே, "அது மட்டும் வரலம்மா" என்று சொன்னால், எனக்கு அதிகாரம் இல்லை என்று அவளும் சிரிப்பாளா?

இன்று காலை, பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டது. சாப்பாட்டுத் தூக்கைக் கையில் வைத்துக்கொண்டு தேடினேன். தொட்டிப் பக்கம் உட்கார்ந்திருந்தாள். போயிருந்தாள். பெயர் வாய்வரை வந்துவிட்டது. அடக்கிக்கொண்டேன். தூக்கைக் கீழே வைத்துவிட்டு, சுற்றிக்கொண்டு போய், தொட்டிக்கு அந்தப் பக்கம், அவள் கண் நிமிர்ந்தால் நான் படுகிற இடத்தில் நின்றேன். வேப்பமரத்தின் வழியாக வெயில் அவள் முதுகில் விழுந்தது. அவள் நிழல் தண்ணீரின் மேல் கிடந்தது. பள்ளிக்கூட மணி அடித்து ஓய்ந்தது. அவள் முகத்தில் எதுவும் குறையவில்லை.

பிறகு அவள் கண் அசைந்தது. என் முகத்தைப் பார்க்கவில்லை. குனிந்து என் பாதத்தைப் பார்த்தாள்.

"அம்மா, எறும்பு மேல நிக்கிற" என்றாள்.

விலகி நின்றேன். அவள் எழுந்து, பாவாடையைத் தட்டிவிட்டு, தானே தூக்கை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

வீட்டுக்குள் என்றால் எனக்கு நிற்கத் தெரியும். அது அந்த மருந்து அறை வாசலில் பழகியது. தெருவில் நிற்கத் தெரியவில்லை. நான் இல்லாத இடத்தில் யார் நிற்பார்கள் என்றும் தெரியவில்லை. இதைப் படிக்கிறவர்களில் இப்படி ஒரு பிள்ளையை வளர்த்தவர்கள் இருந்தால், அல்லது நீங்களே சின்ன வயதில் இப்படி இருந்து வளர்ந்தவர்களாக இருந்தால், தயவுசெய்து எனக்கு எழுதுங்கள். உங்களைக் கூப்பிட்டார்களா, காத்திருந்தார்களா? கூப்பிட்டது நல்லதாயிற்றா? காத்திருந்தால், ஒரு தாய் எவ்வளவு நேரம் வரைக்கும் நிற்கலாம்?